உங்கள் ஊரிலும் பஞ்சமா?

தெற்கு சூடானில் என்னைக் ‘கவாஜா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரன் என்று பொருள். என் ஊர் வில்லாபுரத்து வெயிலில் கறுத்து வளர்ந்த எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. நிவாரணப் பொருள் கொண்டுவருகிறவன் எவனானாலும் அவர்களுக்குக் கவாஜாதான் என்பது போகப்போகப் புரிந்தது.

நைல் கரையோரச் சிற்றூர் ஒன்றில், போருக்குத் தப்பி ஓடிவந்தவர்களுக்கான உணவுக் கிடங்கு என் பொறுப்பில் இருந்தது. பணம் தந்துகொண்டிருந்த நாட்டில் ஆட்சி மாறியது. அதன் வெளியுறவுக் கொள்கையும் மாறியது. மறு உத்தரவு வரும்வரை எதையும் வழங்கக் கூடாது என்று மின்னஞ்சல் வந்தது. மெலிந்த குழந்தைகளுக்கான கடலைப் பசைப் பொட்டலங்கள் உள்ளே பெட்டி பெட்டியாகக் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. வெளியே மரநிழலில் தாய்மார்கள் காத்திருந்தார்கள்.

அவர்களில் நியாகிம் என்ற பெண் இடுப்பில் மகளோடு எழுந்து வந்தாள். வாசலோரப் பெட்டியில் அச்சிட்டிருந்த, பணம் தந்த நாட்டின் கொடியைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டாள். என்னோடு வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் அக்கோல் மொழிபெயர்த்தார்: “உங்கள் ஊரிலும் பஞ்சமா என்று கேட்கிறாள்.”

அது என் நாட்டுக் கொடி இல்லை என்பதையும், அந்த நாட்டில் சோற்றுக்குக் குறைவில்லை என்பதையும் அவளிடம் எப்படிச் சொல்வது? நான் பேசாமல் நின்றதை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். “மாலேஷ்” என்று என் தோளைத் தட்டினாள். பரவாயில்லை, வருத்தப்படாதே என்று அர்த்தம். அவள் மகளின் கை என் கட்டைவிரல் பருமன்கூட இல்லை.

மறுநாள் காலை கிடங்கைத் திறந்தேன். பொட்டலங்கள் தீரும்வரை நானும் அக்கோலும் கொடுத்தோம். அந்த வாரமே எனக்கு வேலை போயிற்று.

இப்போது ஊர் திரும்பி ஆனையூரில் அக்கா வீட்டில் இருக்கிறேன். மச்சானுக்கு மனசு ஆறவில்லை.

“அவிங்க குடுக்காதேன்னா பூட்டிட்டு வரவேண்டியதுதான மாப்ள? ஒனக்கென்ன அம்புட்டு அக்கறை?”

“பச்சப்பிள்ளைக பசியோட வாசல்ல கெடக்கும்போது எப்படி மச்சான் பூட்டுறது?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, “நீ சொன்ன அந்தப் பிள்ள பொழச்சிருச்சா?” என்றார்.

“தெரியல மச்சான்.”

நேற்று மத்தியானம் அக்கோலின் குரல்பதிவு வந்தது. “நியாகிமின் மகள் நடக்கிறாள். ஆனால் மழையில் பாதை துண்டிக்கப்பட்டுவிட்டது, லாரி எதுவும் வரவில்லை. நீ எப்போது வீட்டுக்கு வருகிறாய்?” அவர் குரலுக்குப் பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அந்த மழைச் சத்தம் காதில் இருக்கும்போதே மாடிக்கு ஓடினேன். துணிக்கொடியில் கிடந்தவற்றை அள்ளும்போது கீழிருந்து அக்கா கத்தினாள்: “பளிச்சுனு வெயில் அடிக்குதேடா, எதுக்கு ஈரத்துணிய எடுக்குற?”

மேலே ஒரு மேகமும் இல்லை. கை நிறைய ஈரத்துணியோடு, காலைச் சுடும் தரையில் நின்றுகொண்டிருந்தேன்.