மங்கிய இடது கண்ணாடி

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஒரு வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும்போது.

உணவு ஆய்வகத்தில் புது மாணவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி. நடத்தியவள் ஆய்வக ஆசிரியை. பாலில் கொழுப்பு அளப்பதிலிருந்துதான் எப்போதும் தொடங்குவாள். பாலும் கந்தக அமிலமும் ஒரே குழாயில். ரப்பர் மூடி போட்டு, வெந்நீர்த் தொட்டியில் வைத்து, பிறகு கண்ணெதிரே தூக்கிப் பிடித்து அளவைப் படிக்க வேண்டும். மூடி தெறித்தால் கண் போச்சு.

"போன வருஷம் ஒரு பொண்ணு. குருவின்னு கூப்பிடுவோம். பாதுகாப்புக் கண்ணாடியக் கழட்டாதேன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். சொன்னாக் கேட்டாத்தானே? இடது கண்ணு போயிடுச்சு."

கண் போனது நிஜம். மற்றதெல்லாம் பொய். அன்று ஆவியில் கண்ணாடி மங்கிப்போய், "ஒண்ணும் தெரியல மேடம், கழட்டிடவா?" என்று கேட்டாள் குருவி. "கழட்டிட்டுச் சீக்கிரம் படி" என்றவள் இவள்தான். வீட்டுக்குப் போகிற அவசரம். விசாரணை வந்தபோது வேலை போய்விடுமே என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டாள். நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. வாய் மட்டும் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

இப்போது தொட்டிக்கு இன்னும் சுவிட்ச் போடவில்லை. தண்ணீர் ஜில்லென்று இருந்தது. ஆனாலும் கடைசி மேசையில் கிடந்த ஒரு கண்ணாடி மங்கியிருந்தது. இடது பக்கம் மட்டும்.

துடைத்து வைத்தாள். திரும்புவதற்குள் மறுபடி மங்கியது... உள்பக்கமாக. யாரோ அதைப் போட்டுக்கொண்டு மூச்சு விடுவதுபோல.

டப்.

மூடி தெறிக்கும் சத்தம். குழாய்கள் எல்லாம் காலியாகத்தான் இருந்தன. சுவரில் மணி இரண்டேகால்.

"ஒண்ணும் தெரியல மேடம்... கழட்டிடவா?"

காதருகே. அதே குரல்.

"வேண்டாம்மா... கழட்டாதே."

வகுப்பு விழித்தது. "யார்கிட்ட மேடம் சொல்றீங்க?" என்றாள் முன்வரிசைப் பெண்.

ஆசிரியை மேசையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் கழட்டச் சொன்னேன். அவ மேல தப்பே இல்ல."

அப்போதே வெளியே வந்து குருவிக்குப் போன் போட்டாள். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். எடுத்தவர் குருவியின் அப்பா.

"காலைல ரோட்டக் கடக்கும்போது பொண்ண பஸ் அடிச்சிடுச்சும்மா. இடது பக்கம் வந்தது அதுக்குத் தெரியல. ஆஸ்பத்திரில வச்சு... போயிடுச்சு. ரெண்டேகால் இருக்கும்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மூஞ்சில ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்தாங்க. அதப் பிடிச்சுக்கிட்டு, 'கழட்டிடவா மேடம்'னு உங்களத்தான் கேட்டுச்சு. அப்புறம் யாரோ பதில் சொன்ன மாதிரி தலைய ஆட்டிட்டு, கழட்டாமலே கைய எடுத்துடுச்சு..."

அவர் மூக்கை உறிஞ்சினார்.

"நீங்க சொன்னா எப்பவும் கேக்கும்மா அது."