அண்ணா பஸ் ஓட்டிய வடகடல் தீவு

எங்கள் அண்ணா கண்மூடி இந்த மாசியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர் அவரைக் கடைசியாகக் கண்டது பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர், யாழ்ப்பாணத்தில். அதன் பிறகு அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம், நோர்வேயின் வடகோடியில் ஏதோ ஒரு தீவில் இருக்கிறார், கலியாணம் செய்யவில்லை, கனடாவுக்குக் கூப்பிட்டும் வரவில்லை என்பதுதான். செய்தி கேட்டு ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் சிலர், ஒருவருமில்லாத இடத்தில் தனியே கிடந்து போய்விட்டாரே என்று அழுதார்கள். அந்த அன்பு எங்களுக்கு விளங்கும். ஆனால் நடந்தது அதுவல்ல. அவருடைய கடைசித் தங்கையான நான் அங்கே போய் நேரில் கண்டதைச் சொன்னால், என் மனம் ஆறியதுபோல உங்கள் மனமும் ஆறும். அதற்காகவே எழுதுகிறேன்.

அண்ணா வேலணையில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். ஐயா காய்ச்சலில் காலமானபோது அவருக்குப் பதினெட்டு வயது. படிப்பை விட்டுவிட்டு, வேலணைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடிய பஸ்ஸில் கொண்டக்டராகச் சேர்ந்தார். சில வருடங்களில் அதே வழியில் சாரதியானார். இரண்டு அக்காமாருக்கும் கலியாணம் செய்துவைத்தது அந்த உத்தியோகம்தான். மிகவும் நல்லவர் என்று மட்டும் எழுதினால் அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வருபவர்களைக் கண்டால் பஸ்ஸை நடுவழியில் நிறுத்தி, இறங்கி நின்று ஏசுவார். பிடித்த பிடியை விடமாட்டார். கடிதம் எழுதச் சோம்பல்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் வீதிகளில் பஸ் ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகிவிட்டது. அண்ணா நோர்வேக்குப் போய் அகதியாகப் பதிந்தார். அங்கிருந்து அவரை வடக்கே, மீன் தொழிற்சாலை ஒன்று இருந்த தீவுக்கு அனுப்பினார்கள். அதன் பெயரைச் சரியாக உச்சரிக்க எனக்கு இன்றைக்கும் வராது. மலைகளுக்கும் கடலுக்கும் இடையே கரையோரமாக ஒரேயொரு வீதி. வீதியின் ஒரு முனையில் பெரிய படகு வந்து சேரும் துறையும், சிறிய பட்டினமும். மறுமுனையில் ஏழே ஏழு வீடுகள். இடையில் ஐந்து கிராமங்கள். நடுக் கிராமத்தில் மீன் தொழிற்சாலையும் அதைச் சுற்றி எட்டுத் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. இவ்வளவையும் இணைத்தது நாளுக்கு மூன்று தடவை போய்வரும் ஒரு பஸ்.

நான்கு வருடம் அண்ணா மீன் வெட்டினார். குளிரில் விரல்கள் மரத்துப்போகும் வேலை. அந்த நாட்களில் நாங்களும் கனடாவுக்கு வந்து, ரொறன்ரோவின் பார்க்டேலில் ஒற்றை அறையில் நான்கு பேர் இருந்தோம். அவருடைய கஷ்டத்தைக் கேட்க எங்களுக்கு நேரமிருக்கவில்லை, சொல்ல அவருக்கும் மனமிருக்கவில்லை. பிறகு பஸ் சாரதி ஒருவர் ஓய்வுபெறப் போகிறார் என்று கேள்விப்பட்டு, நோர்வே மொழியில் பரீட்சை எழுதினார். இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை சித்தியடைந்தார். வழுக்கும் பனியில் பஸ் ஓட்டவும் தனியாகப் பழகவேண்டி இருந்ததாம். இதெல்லாம் அவருடன் தொழிற்சாலையில் வேலை செய்த செல்வம் அண்ணை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு மட்டும் பஸ் கந்தோரில் மேசைக்கு முன் இருந்து செய்யும் வேலை என்று ரெலிபோனில் சொல்லிவைத்திருந்தார். பனியில் பஸ் ஓடுகிறார் என்று தெரிந்தால் அம்மா நித்திரை கொள்ளமாட்டா என்பது அவருக்குத் தெரியும்.

மூன்று வருடங்களுக்கு முந்திய கோடையில், அம்மாவும் எங்களோடு வந்து சேர்ந்த பிறகு, அண்ணாவை எப்படியும் கூட்டிவருவது என்ற முடிவோடு நான் அந்தத் தீவுக்குப் போனேன். ஒரு கிழமை அவருடைய பஸ்ஸில் முன்சீற்றில் இருந்து போய்வந்தேன். அந்த பஸ் ஆட்களை மட்டும் ஏற்றவில்லை. மருந்து, பத்திரிகை, பால், ஒருநாள் ஒரு நாய்க்குட்டி எல்லாம் அதில் போயின. ஒரு காலை, கடைசி ஏழு வீடுகளில் ஒன்றில் தனியே இருந்த கிழவர் வழமையான இடத்தில் வந்து நிற்கவில்லை. அண்ணா இஞ்சினை நிறுத்தினார். இறங்கி அந்த வீட்டுக்கு நடந்தார். கிழவர் முந்தின நாள் பின்னேரம் குசினியில் விழுந்து எழும்ப முடியாமல் கிடந்திருக்கிறார். அண்ணாவும் ஒரு பயணியும் அவரைத் தூக்கிவந்து பின்சீற்றில் படுக்கவைத்தார்கள். பஸ் முக்கால் மணித்தியாலம் பிந்தியது. வழியெல்லாம் காத்து நின்றவர்கள் ஏறும்போது, ஏன் பிந்தியது என்று கேட்கவில்லை. யாருக்கு என்ன என்றுதான் கேட்டார்கள்.

இதைக் கண்ணால் கண்டும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்புவதற்கு முதல்நாள் அவரோடு சண்டை பிடித்தேன்.

"அண்ணா, இஞ்சை உங்களுக்கு ஆர் இருக்கினம்? வருத்தம் துன்பம் எண்டால் ஆர் பாக்கிறது?"

"வாற மாரி போகட்டும். அந்த ஏழு வீட்டுக்குப் பஸ் ஓடுற கடைசி ஒன்பது கிலோமீற்றரையும் ஊர்ச் சபை நிப்பாட்டப் பாக்குது. நான் விட்டிட்டு வந்தால் அந்த வழி போச்சு."

"ஏழு வீட்டுக்காக அம்மாவை விடுறியளோ?"

நான் கோபத்தோடு விமானம் ஏறினேன். அந்தப் பனிக்காலத்தில் அண்ணா, பஸ்ஸில் ஏறுபவர்கள் எதற்காகப் போகிறார்கள் என்று ஒரு மாதம் எழுதிவைத்து, ஊர்ச் சபையில் செல்வம் அண்ணையின் மகளைக்கொண்டு வாசிப்பித்தாராம். பல் வைத்தியரிடம், மகளிடம், தேவாலயத்துக்கு, சும்மா ஒரு கோப்பி குடிக்க. வழி நிற்கவில்லை. ஆனால் அவரும் வரவில்லை. நானோ, அவர் கூப்பிட்டால் ரெலிபோனை எடுத்து அம்மாவிடம் நீட்டுவதோடு சரி. இரண்டு வருடம் அவரோடு நேராகக் கதைக்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

சென்ற வருடம் மாசி மாதத்தில் செல்வம் அண்ணை ரெலிபோன் எடுத்தார். அண்ணா பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது நெஞ்சு நோ வந்திருக்கிறது. கடலுக்கு மேலே செங்குத்தான வளைவு அது. அண்ணா பஸ்ஸை அடுத்த ஒதுக்கிடம் வரை கொண்டுபோய் நிறுத்தி, கைபிரேக்கை இழுத்து, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, கதவைத் திறந்துவிட்டு, பயணிகளிடம் ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு ஸ்ரியறிங்கில் சாய்ந்திருக்கிறார். உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். அவர்களில் இங்கர் என்ற அம்மையார் ஓய்வுபெற்ற தாதி. அவர் அண்ணாவைக் கீழே கிடத்தி நெஞ்சை அழுத்தி மூச்சைத் திருப்பியிருக்கிறார். புயல் நேரம், அம்புலன்ஸ் வந்துசேர நேரமெடுக்கும் என்று கண்டு, பயணிகளில் ஒருவரான மீனவர் பஸ்ஸைத் தானே ஓட்டிக்கொண்டு நேரே பட்டினத்து வைத்தியசாலைக்குப் போயிருக்கிறார்.

நான் அடுத்த நாளே புறப்பட்டேன். மூன்று விமானங்கள் மாறி, தீவுக்குப் படகு புறப்படும் துறைக்கு வந்தால், காற்றினால் படகு நிற்பாட்டப்பட்டிருந்தது. எப்போது போகும் என்று ஒருவருக்கும் தெரியாது. ரிக்கெற் கொடுக்கும் இடத்தில் நின்ற தாடிக்கார மனிதரிடம் எனக்குத் தெரிந்த இங்கிலிசில் கேட்டேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு ஆறுதலாக, நீங்கள் பஸ் சாரதியின் தங்கையா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். உங்கள் அண்ணா காலையில் கண் விழித்துவிட்டார், கொஞ்சம் சூப் குடித்தாராம், பயப்படவேண்டாம் என்றார்.

ரொறன்ரோவிலிருந்து அந்த இடம் வரை நான் அழவில்லை. அங்கேதான் அழுதேன். கடலுக்கு இக்கரையில், பெயர் தெரியாத ஒரு மனிதருக்கு என் அண்ணா காலையில் என்ன குடித்தார் என்று தெரிந்திருக்கிறது. அவர் எனக்கு ஒரு கதிரையும் கோப்பியும் தந்தார். பின்னேரம் காற்றுத் தணிந்து படகு புறப்பட்டபோது என் பெட்டியையும் அவரே தூக்கிவந்தார்.

அண்ணாவின் இதயம் மிகவும் பழுதாகிவிட்டது என்றும், வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது ஆபத்து என்றும் டொக்டர் சொன்னார். இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தார். அந்த ஒன்பது நாட்களும் அவரோடு இருக்கக் கிடைத்ததே என்று நான் நினைக்காத நாளில்லை. முற்பகல் பஸ் வந்ததும் ஆட்கள் வருவார்கள். மத்தியானப் பஸ்ஸில் திரும்புவார்கள். தமிழ்க் குடும்பங்கள் முறைவைத்துச் சோறும் ரசமும் கொண்டுவந்தன. குசினியில் விழுந்த கிழவர் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து, அரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனார். பதில் சாரதி நான்கு நிமிடம் பிந்தி வந்ததை அண்ணா யன்னலால் பார்த்துவிட்டு, அவனைக் கூப்பிடு என்று என்னை ஏவினார். கோபம் வந்ததைக் கண்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆறாம் நாள் இருவரும் தனித்திருந்தோம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ கூப்பிட்டது பிழையில்லை. கூப்பிடாமல் விட்டிருந்தாத்தான் எனக்குக் கவலை."

சற்று மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்:

"நான் இஞ்சை தனிய இருக்கேல்லையடி. தனியக் கிடக்கிறன் எண்டு நீங்கள் அங்கை நினைச்சுக்கொண்டு இருக்கிறியள் எண்டதுதான் எனக்குப் பாரமாக் கிடந்தது. இப்ப நீ கண்டிட்டாய்."

"ஓம் அண்ணா, கண்டிட்டன்" என்றேன். அவர் முகம் தெளிந்தது. மூன்று நாட்கள் கழித்து, காலை பஸ் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில், நித்திரையிலேயே போனார். ஒரு பக்கத்தில் நான், மறுபக்கத்தில் இங்கர் அம்மையார்.

தீவில் தகனம் செய்ய இடமில்லை. படகில் அக்கரைக்குக் கொண்டுபோகவேண்டும். அன்றைக்கு அண்ணாவின் பஸ் ஏழு வீட்டு முனையிலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு துறைக்கு வந்தது. தொழிற்சாலையை அரைநாள் பூட்டினார்கள். செல்வம் அண்ணை தேவாரம் பாட, அந்த மனிதர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காற்றில் நின்றார்கள்.

அஸ்தியோடு திரும்பி வந்து அம்மாவின் பக்கத்தில் இருந்தேன். அவர் பஸ் கந்தோரில் இருக்கவில்லை, பஸ்தான் ஓடினவர் என்பதையும் நடந்த அத்தனையையும் மறைக்காமல் சொன்னேன். அம்மா எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டா.

"பஸ்ஸுக்குள்ள இருந்த சனத்துக்கு ஒண்டும் நடக்கேல்லையோ, பிள்ளை?"

"இல்லை அம்மா. ஆறு பேரும் சுகமாய் இறங்கினவை."

அம்மா தலையை ஆட்டினா. அன்றைக்குப் பின்னேரம், நான்கைந்து நாட்களுக்குப் பிறகு, தானாகவே எழும்பிப் போய் முழுகினா, சாப்பிட்டா. இன்றைக்கும் அண்ணாவைப் பற்றிக் கதைக்கும்போது அம்மா அழுவதில்லை. நாங்களும் அழுவது குறைந்துவிட்டது.

எங்களுக்குத் தோள் கொடுத்த எல்லோரையும் இங்கே நினைக்கிறோம். செய்தி கேட்ட அன்றே விமான ரிக்கெற்றுக்கு ஓடித்திரிந்த அஜின்கோர்ட்டில் இருக்கும் அத்தானுக்கும், நான் இல்லாத நாட்களில் அம்மாவோடு வந்து படுத்த அயல்வீட்டு அன்ரிக்கும், என்னை இரண்டு கிழமை தன் வீட்டில் வைத்துப் பார்த்த செல்வம் அண்ணை குடும்பத்துக்கும், அண்ணாவின் பஸ்ஸை ஓட்டிப்போன மீனவருக்கும், துறையில் நின்ற தாடிக்கார மனிதருக்கும், தீவின் தமிழ்ச் சனத்துக்கும் நோர்வேச் சனத்துக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி.

ஒரு சந்தோஷமான செய்தி. இங்கர் அம்மையார் இந்த ஆண்டு நிறைவுக்காகவே ரொறன்ரோவுக்கு வந்திருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர், வாழ்க்கையில் முதல் தடவையாக நோர்வேயை விட்டு வெளியே வந்திருக்கிறார். மதிய போசனத்தின்போது அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பார். மொழி தெரியாதே என்று தயங்காமல் போய்க் கதையுங்கள். அண்ணாவின் பஸ்ஸில் ஏறி இறங்கியே அவர் தமிழ் கொஞ்சம் பழகியிருக்கிறார். வாங்கோ, இருங்கோ, பாத்து இறங்குங்கோ. மூன்றையும் அண்ணா சொன்ன மாதிரியே சொல்லுவார்.