விரல் நுனிக் காய்ப்பு

எங்கள் வீணை வகுப்பில் டீச்சர் முதலில் பார்ப்பது விரலைத்தான். பாட்டெல்லாம் அப்புறம். இடதுகையை நீட்டச் சொல்லி, ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகளைத் தடவிப் பார்ப்பாள். தந்தியை அழுத்தி அழுத்தித் தோல் காய்த்திருந்தால் வீட்டில் வாசித்திருக்கிறோம் என்று அர்த்தம். டீச்சர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். நாற்பத்திரண்டு வயதில் ஆசைப்பட்டுப் போய்ச் சேர்ந்தவள் நான். வாயை மூடிக்கொண்டு கையை நீட்டுவேன்.

என் விரல் மட்டும் எப்போதும் வழவழவென்று இருக்கும். விடிகாலையில் ஒரு மணி நேரம் வாசிக்காமல் ஒருநாளும் அடுப்பு பற்றவைத்ததில்லை. ஆனால் வீட்டில் பட்டுத்தறி ஓடுகிறது. வீட்டுக்காரர் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்வார். எதிரே நீளமாக இழுத்துக் கட்டிய பாவில் இழை அறுந்தால் முடிச்சுப் போடுவது என் வேலை. காய்த்த விரல் பட்டால் பட்டு மாட்டிக்கொண்டு பிசிர் கிளம்பிவிடும். அதனால் வாரம் ஒருமுறை உப்புத்தாளால் காய்ப்பைத் தேய்த்து எடுத்துவிடுவேன். தாளை வாங்கிவந்து கொடுத்ததே அவர்தான்.

இந்த வருஷம் நவராத்திரிக்குக் கோயிலில் வாசிக்க டீச்சர் இரண்டு மாசம் முன்பே ஆள் பொறுக்கினாள். என் விரலைத் தடவிவிட்டு, பள்ளிக்கூடப் பெண்கள் எதிரிலேயே, "வீட்ல வீணையத் தொடறதே இல்ல போலக்கா" என்றாள். அடுத்த மாசம் பார்க்கலாம் என்று என் பேரை விட்டுவிட்டாள். தறியைச் சொன்னால் சாக்கு என்பாள். எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாளை எடுத்து வறட்டு வறட்டென்று தேய்த்தேன். என்ன ஆச்சு என்று வீட்டுக்காரர் கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் நெய்துவிட்டு நிறுத்தினார்.

"அந்தத் தாள கீழ போடு. இனிமே இழைய நானே முடிஞ்சிக்கிறேன்."

"முட்டிவலிய வச்சிக்கினு எத்தினி தபா குழிய விட்டு ஏறுவீங்க?"

"ஏறுறேன்மா. நீ வாசி."

அன்றிலிருந்து இழை அறும்போதெல்லாம் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். இழையைத் திட்டினார், என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சேலை முடிய நாலு நாள் கூடுதலாக ஆனது. என் விரலில் முதலில் கோடு விழுந்தது, பிறகு தோல் கெட்டிப்பட்டது.

அடுத்த மாசம் டீச்சர் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பாத்தீங்களாக்கா, வீட்ல ஒழுங்கா வாசிச்சா தானா வருது" என்று சொல்லி நவராத்திரிக்கு என் பேரையும் எழுதிக்கொண்டாள்.

நான் வாசித்தது அதே ஒரு மணி நேரம்தான். கூடுதலாக நடந்ததெல்லாம் ஒரு மனுஷன் குழி ஏறி இறங்கியது. "ஆமா டீச்சர்" என்று மட்டும் சொன்னேன்.