பல்செட்டுக்காரர் கேட்ட ஓசை

டீக்கடையில் யாரோ பாதி கடித்து வைத்துவிட்டுப் போன பன்னை அவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பசியால் அல்ல. தட்டைச் சற்றே திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "மேல இடது பக்கம் ரெண்டாவது பல்லு உள்ளே மடங்கியிருக்கு. சின்ன வயசுலயே சரி பண்ணியிருக்கலாம்" என்கிறார். கடைக்காரருக்கு இது பழகிப்போன சங்கதி. புதிதாக வந்தவர்கள்தான் தங்கள் பன்னைக் கையால் மறைத்துக்கொள்வார்கள்.

தெருவில் அவருக்குச் 'செட்டுக்காரர்' என்று பெயர். பல் மருத்துவமனையின் பின்னறையில் முப்பத்தோரு வருடமாகப் பல்செட் செய்கிறார். முன்னறையில் டாக்டரம்மா நோயாளியின் வாயில் அச்சு எடுப்பார். அது பிளாஸ்டர் தாடையாக மாறி, ஓர் எண்ணை ஒட்டிக்கொண்டு இவரிடம் வரும். செட்டாகித் திரும்பிப் போகும். தூசி பறக்கக் கூடாதென்று நடுக்கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். உரசும் மோட்டாரின் இரைச்சலில் அந்தப் பக்கம் யார் சிரித்தாலும் அழுதாலும் இவர் காதில் விழாது. "ஆளு யாரா இருந்தா நமக்கென்ன? அச்சு சரியா இருந்தா செட்டு சரியா இருக்கும்" என்பதை நாளுக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவார்.

தாடையைப் பார்த்தே, இவர் ஒரு பக்கமாக மெல்லுகிறவர், அவர் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர் என்று புட்டுப்புட்டு வைப்பார். முகம்தான் நினைவில் நிற்காது. ஒருமுறை சொந்தச் சம்பந்தியின் செட்டையே யாருடையது என்று தெரியாமல் செய்து முடித்து, "இது பேராசைக்காரத் தாடை" என்று மனைவியிடம் வர்ணித்திருக்கிறார். அந்த அம்மாள் அதை இன்னும் சம்பந்தி காதில் போடவில்லை. சமயம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்பேர்ப்பட்டவரைத்தான் போன வருடம் கடல் தாண்டி அழைத்துப் போனார் டாக்டரம்மா. வருடத்தில் ஒரு வாரம், காசு வாங்காத மருத்துவர் குழு ஒன்றோடு வேற்று நாட்டுக் கிராமம் ஒன்றுக்குப் போய் வைத்தியம் பார்ப்பது அவருக்கு வழக்கம். "ஒவ்வொரு வருஷமும் பல்லைப் பிடுங்கிட்டு வந்துடறோம்ணே. பிடுங்கின இடத்துல வைக்கத்தான் ஆள் இல்லை. நீங்க வாங்க" என்றார். செட்டுக்காரர் வர முடியாததற்கு மூன்று காரணம் சொன்னார். மூன்றும் அவர் மனைவிக்குப் பிடிக்கவில்லை. "போய் நாலு மனுஷ மூஞ்சியைப் பார்த்துட்டு வாங்க" என்று பெட்டியை அடுக்கிவிட்டார்.

விமானம், பேருந்து, அதற்குப் பிறகு முதுகெலும்பை எண்ணிப் பார்க்கிற மாதிரி ஒரு வேன் பயணம். போய் இறங்கியது இரண்டே அறை கொண்ட ஒரு பள்ளிக்கூடம். ஓர் அறையில் பாடம், மற்றதில் வைத்தியம். செட்டுக்காரர் அங்கேயும் சுவரைப் பார்த்தபடிதான் மேசையைப் போட்டுக்கொண்டார். மொழிக்குத் துணையாக வேன் ஓட்டுநர் இருந்தார். நம் பக்கம் கட்டட வேலைக்கு வந்து எட்டு வருடம் இருந்தவர். நம் பேச்சு அவருக்கு நம்மைவிட வேகமாக வரும்.

இரண்டாம் நாள் ஓட்டுநர் அந்தப் பள்ளி ஆசிரியையை அழைத்து வந்தார். நாற்பது வயதிருக்கும். உள்ளங்கையால் வாயைப் பொத்தியபடியே நின்றார். முந்தைய மழைக்காலத்தில் கூரைத் தகரம் ஒன்று பெயர்ந்து வகுப்பு நனைய, ஆளுக்குக் காத்திராமல் தானே ஏறியிருக்கிறார். சறுக்கி விழுந்ததில் மேல்வரிசை முன்பற்கள் ஆறும் போயின. அன்றிலிருந்து 'ஸ்' என்ற ஓசை அவருக்கு வரவில்லை. 'ஃப்' என்று காற்றாகப் போய்விடும். அவர்கள் மொழியிலோ அந்த ஓசை இல்லாமல் இரண்டு வாக்கியம் பேச முடியாதாம். அவரிடம் படிக்கும் இருபது பிள்ளைகளும் ஐந்து வயது, ஆறு வயது. காதில் விழுந்ததைத்தானே கற்றுக்கொள்வார்கள்? இருபதும் 'ஃப்' என்றே படித்தன.

"டவுன் பள்ளிக்கூடத்துல இந்த ஊர்ப் பிள்ளைங்கன்னாலே சிரிக்கிறாங்க சார். அடுத்த மாசத்துக்குள்ள சரியாகலைன்னா இவங்களை எடுத்துட்டு வேற டீச்சரைப் போடப் போறாங்க" என்றார் ஓட்டுநர்.

டாக்டரம்மா அச்சு எடுத்துக் கொடுத்தார். செட்டுக்காரர் மூன்று நாள் ராஜவேலை செய்தார். ஆறு பல்லையும் தாங்குகிற தகட்டை, அண்ணத்தோடு ஒட்டுகிற மாதிரி, வழக்கம்போல் நல்ல தடிமனாகவே போட்டார். தன் செட்டு கீழே விழுந்தாலும் உடையாது என்பதில் அவருக்கு எப்போதும் ஒரு கர்வம் உண்டு. அச்சில் அது உட்கார்ந்த அழகைப் பார்த்து அவரே சொக்கிப்போனார்.

வாயில் வைத்தபோதும் வலி இல்லை, ஆட்டம் இல்லை. கண்ணாடியில் தன்னைப் பார்த்த ஆசிரியைக்குக் கண் நிறைந்துவிட்டது. நேரே தன் வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகள் முன்னால் நின்று அந்த எழுத்தைச் சொன்னார். 'ஷ்ஷ்' என்று வந்தது. இன்னொரு முறை சொன்னார். அதே 'ஷ்ஷ்'. பிள்ளைகள் சமர்த்தாக எழுந்து நின்று, இருபது குரலில், "ஷ்ஷ்" என்றார்கள். ஆசிரியையின் உள்ளங்கை பழையபடி வாய்க்குப் போனது.

"அச்சு சரியாத்தானே இருக்கு" என்றார் செட்டுக்காரர். இரண்டாம் முறை சொன்னபோது அவர் குரலே அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் மதியம் வேன் கிளம்புகிறது. காலையில் செட்டுக்காரர் முதல் காரியமாக நாற்காலியைச் சுவரிலிருந்து திருப்பிப் போட்டார். ஆசிரியையை எதிரே உட்காரவைத்து, திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவது தடவையில் பிடிபட்டது. முன்பல்லுக்குப் பின்னால் நாக்கு போய் நிற்க இடமே இல்லை. அவர் கர்வப்பட்ட அந்தத் தடிமனில்தான் அது இடறிக்கொண்டிருந்தது.

மோட்டாரைத் தொடவில்லை; சத்தத்தில் காது கேட்காது. கை அரத்தால் உரசினார். கழுவினார், வாயில் வைத்தார், "சொல்லுங்கம்மா" என்றார். மறுபடி கழற்றி உரசினார். ஐந்து முறை ஆனது. 'ஷ்ஷ்' மெலிந்துகொண்டே வந்ததே தவிர, 'ஸ்' ஆகவில்லை. தகடு வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெலிந்துவிட்டது. இன்னொன்று செய்யப் பொருளும் இல்லை, நேரமும் இல்லை. போதும் என்று டாக்டரம்மா கண்ணால் சொன்னார்.

செட்டுக்காரர் ஓட்டுநரைக் கூப்பிட்டார். "இன்னொரு தடவை உரசினா உடைஞ்சாலும் உடைஞ்சிடும். இப்படியே விட்டா சாப்பிடலாம், சிரிக்கலாம். என்ன பண்ணட்டும்னு கேளுங்க."

ஆசிரியை கையை மடியில் வைத்துக்கொண்டு பதில் சொன்னார். ஓட்டுநர் கொஞ்சம் தயங்கித்தான் அதைத் தமிழாக்கினார். "சாப்பிடறதுக்கும் சிரிக்கறதுக்கும் நான் உங்ககிட்ட வரலைங்கிறாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு உரசினார் செட்டுக்காரர். கையை முழங்காலோடு அழுத்திக்கொண்டு, அரத்தை மூன்றே முறை இழுத்தார். உடையவில்லை. வாயில் வைத்தார். 'ஸ்' என்று வந்தது.

ஆசிரியை வகுப்புக்கு ஓடினார். கரும்பலகை முன் நின்று அந்த எழுத்தைச் சொன்னார். முன் வரிசையில் ஒரு சிறுமி எழுந்து ஏதோ சொல்ல, ஓட்டுநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டீச்சர் தப்பாச் சொல்றாங்களாம் சார். 'ஃப்'னுதான் சொல்லணுமாம்."

ஆசிரியை வாயைப் பொத்தாமல் சிரித்தார். பிறகு ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்துச் சொல்லவைத்தார். வேன் கிளம்புகிற வரைக்கும் அந்த வகுப்பில் இருபது குக்கர் ஒன்றாக ஆவி விடுகிற சத்தம்தான். நன்றி என்பதற்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்லும் அதே ஓசையில்தான் தொடங்குமாம். வேன் ஜன்னலருகே வந்து அதை அவர் நான்கு முறை சொன்னார், அவசரப்படாமல்.

விமானத்தில் செட்டுக்காரர் சாப்பாட்டைத் தொடவில்லை. "நன்றியை நான்தான்மா சொல்லியிருக்கணும்" என்றார் டாக்டரம்மாவிடம். "முப்பது வருஷமா அதே தடிமன்லதான் போட்டிருக்கேன். எத்தனை பேருக்கு நாக்கு தடுக்கிச்சோ. அந்தம்மா ஒருத்தங்கதான் எனக்குச் சொன்னாங்க."

அடுத்த மாதம் ஓட்டுநர் போன் செய்தார். ஆசிரியையை மாற்றவில்லை. அன்று செட்டுக்காரர் டீக்கடையில் இருந்த எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஊருக்கு வந்த கையோடு சம்பந்தியையும் கூப்பிட்டனுப்பிச் செட்டைக் கழற்றச் சொல்லி, தகட்டை உரசிக் கொடுத்திருந்தார். சம்பந்தி இப்போது இரண்டு மடங்கு பேசுகிறார் என்பது மனைவியின் புகார்.

மற்றபடி ஆள் மாறவில்லை. பன்னைப் பார்ப்பது நிற்கவில்லை, முகமும் நினைவில் நிற்பதில்லை. அச்சைப் பற்றிய அந்தப் பேச்சை மட்டும் இப்போது காணோம். டீயைக் குடித்துவிட்டுப் பின்னறைக்கு வருகிறார். மோட்டாரைப் போட்டு அடுத்த தாடையைக் கையில் எடுக்கிறார். நடுக்கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது. மூடிக்கொள்ளாதபடி பழைய பிளாஸ்டர் தாடை ஒன்றை அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தப் பக்கம், நேற்று அவர் செய்து முடித்த செட்டு யார் வாயிலோ ஏறியிருக்கிறது. "எங்கே, உங்க பேரைச் சொல்லுங்க பார்ப்போம்" என்று டாக்டரம்மாவின் குரல் கேட்கிறது.

செட்டுக்காரர் கையை நீட்டி மோட்டாரை நிறுத்துகிறார்.