ஒன்பதாவது ஆள்

ஒரு காலத்தில் ஆசியா முழுவதும் வாலிபாலை அணிக்கு ஒன்பது பேராகத்தான் ஆடினார்களாம். அவரவர் இடம் அவரவருக்கு. முன்னால் நிற்பவன் கடைசிவரை முன்னால், பின்னால் நிற்பவன் பின்னால். பிறகு உலகம் ஆறு பேருக்கு மாறியது. ஜப்பான்காரர்களும் மாறி, ஒலிம்பிக்கில் தங்கமே வாங்கிவிட்டார்கள். இதெல்லாம் முழுதாக எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. பன்னிரண்டு வயதில் தெரிந்திருந்தால் ஒடுகத்தூருக்கு ஜீப் ஏறியிருக்கவே மாட்டேன்.

அது எழுபதுகளின் கடைசி. ஜவ்வாது மலைமேல் எங்கள் ஊருக்கு ஆட்டத்தைக் கொண்டுவந்தவர், பட்டாளத்திலிருந்து எப்போதோ திரும்பிய ஒருவர். அவர் சொன்ன ஒன்பதையே நாங்கள் பிடித்துக்கொண்டிருந்தோம். நெட்டருகே நடுவில் என் தாய்மாமா. அவர் எகிறி அடித்தால் பந்து தரையில் பள்ளம் பறிக்கும். ஆனால் கீழே வரும் பந்து ஒன்றைக்கூட அவர் எடுத்ததில்லை. அது பின்வரிசைக்காரர்கள் வேலை. அந்தப் பின்வரிசையின் மூலையில் நான், ஆள் குறைந்ததால் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஒன்பதாவது ஆள். முன்னால் விட்டதையெல்லாம் எடுத்தெடுத்தே என் முன்கைகள் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தன.

மலைக்குக் கீழே ஒடுகத்தூரில் நடந்த பந்தயத்தில் பரிசு ஒரு புதுப் பந்து. எங்களிடம் இருந்த ஒரே பந்து தைத்துத் தைத்துப் பலாப்பிஞ்சு மாதிரி கோணிப்போயிருந்தது. அடுத்த தையலுக்கு அதில் தோல் இல்லை. ஜெயிக்காவிட்டால் ஊரில் ஆட்டமே இல்லை.

மைதானத்தில் இறங்கியதும் நடுவர் எங்களை எண்ணினார்.

"ஆறு பேர்தாங்க. சர்வீஸ் உங்க கைக்கு வர்றப்பல்லாம் ஒவ்வொருத்தரும் ஒரு எடம் நகரணும்."

"இன்னாங்க சார், முன்னாடி நிக்கிறவன் பின்னாடி போவணுமா?" என்றார் மாமா.

"ஜப்பான்காரனே போறானுங்க. உங்களுக்கு இன்னா?"

மூன்று பேர் வெளியே என்றதும் முதலில் போய் உட்கார்ந்தவன் நான்தான். அவ்வளவு சந்தோஷம். வயதான இரண்டு பேர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கணக்குச் சரி. மாமா மட்டும் பின்வரிசைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று வலது காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினார்.

"காலு பிசகிக்கிச்சு. மாப்ள, நீ எறங்குடா."

"மாமா, எனக்கு வயித்த வலிக்குது."

"வயிறா வந்து பந்து எடுக்கப் போவுது? கீழ வர்றத எடு, போதும்."

எதிரணியில் ஒருவன் கத்தினான்: "டேய், பொடியன் நெட்டுக்கு அடியில பூந்து இந்தப் பக்கம் வந்துடப் போறான்!" நான் யோசித்துக்கொண்டிருந்ததும் அதைத்தான். அந்தப் பக்கம் தாண்டினால் பஸ் நிறுத்தம்.

பின்னால் நின்றவரைக்கும் பிழைத்தேன். நகர்ந்து நகர்ந்து நெட்டுக்கு வந்தேன். எதிரே மீசை வைத்த ஒருவன் எகிறினான். நான் கண்ணை மூடி நெட்டையே கட்டிப்பிடித்துக்கொண்டேன். நடுவர் விசில் ஊதினார். பிறகு அவரே வந்து என் விரல்களைப் பிரித்துவிட்டார். மறுபடி பின்னால் போனதும்தான் உயிர் வந்தது. அங்கே வந்ததையெல்லாம் எடுத்தேன். தைரியம் ஒன்றுமில்லை, பழக்கம். கைகள் தாமாகச் சேர்ந்தன. நான் எடுத்துவிட்டதை முன்னால் நின்ற அண்ணன்கள் அடித்தார்கள். இழுபறியாகத்தான் ஜெயித்தோம்.

 மாமா புதுப் பந்தை வாங்கி அமுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். பிறகு மருந்துக்கடைக்கு நொண்டிப் போய், எல்லோரும் பார்க்க ஒரு மாத்திரை விழுங்கினார்.

திரும்பும்போது ஜீப் பாதி மலையில் நின்றுவிட்டது. மீதியை நடக்க வேண்டும். நான் நாலடிக்கு ஒருமுறை உட்கார்ந்தேன். "ஏறுடா மாப்ள" என்று மாமா முதுகைக் காட்டினார். செங்குத்தான பாதையில் என்னையும் பந்தையும் சுமந்துகொண்டு, எங்கும் நிற்காமல் விறுவிறுவென்று ஏறினார்.

அந்த மாத்திரையின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த மைதானத்தில் என்னைவிடப் பயந்துபோன ஆள் ஒருவர் இருந்தார் என்று தோன்றவேயில்லை.