தண்ணிக்காரப் பவுனம்மாள்

டின்னுக்குள் ஒரு கல் உப்பைப் போட்டுவிட்டு, உடனே அதைக் கையால் துழாவி வெளியே எடுக்கப் பார்க்கிறாள் பவுனம்மாள். அதற்குள் அது பாதி கரைந்துவிட்டது. “போட்டது தப்போ?” என்று குழாயைப் பார்த்துக் கேட்கிறாள். குழாய் பதில் சொல்லாததால், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கல்லையும் சேர்த்துப் போடுகிறாள்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்புறம் இருக்கிறது அந்தக் குழாய். ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு நான் கிளம்பும் வேளையில்தான் அவளும் தண்ணீர் பிடிப்பாள். கிள்ளான் ரயில் பாதையில் சல்லி போட்டுத் தண்டவாளத்தை நிமிர்த்தும் ஆட்களுக்குத் தண்ணீர் கொடுப்பது அவள் வேலை. தோளில் ஒரு காண்டாக்கம்பு, இரண்டு முனையிலும் மண்ணெண்ணெய் டின்கள், இடுப்பில் தேங்காய்ச் சிரட்டையால் செய்த அகப்பை. ஒல்லியான உடம்பு. நடக்கும்போது டின்கள்தான் அவளை இழுத்துக்கொண்டு போவதுபோல் இருக்கும்.

அவளிடம் ஒரு வழக்கம். கண்ணில் படுகிற யாரையும் நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்பாள்: “வெயில்ல ஆளு சாயாம இருக்க என்னா கொடுக்கணும்?” ஆஸ்பத்திரி டிரஸர் உப்புத் தண்ணீர் என்றார்; சாய்ந்துவிட்டால் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்று என்றும் சொன்னார். மூலைக்கடைச் சீனர் சுடச்சுடத் தேத்தண்ணி என்றார். கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துக்காரி இளநீர் என்றாள். வெங்காயச் சாறு என்றார் வேறொருவர். எல்லாமே அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. ஆகவே ஒரு நாள் அது, ஒரு நாள் இது.

“அக்கா, நேத்து உப்பு, இன்னிக்கு வெங்காயம் நாறுதே!” என்று ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

“நேத்து சாயல இல்ல? பேசாம குடி.”

இடிக்கும் இதே கதைதான். மரத்தடியில் நிற்காதே என்றார் ஒருவர். வெட்டவெளியில் நிற்காதே என்றார் இன்னொருவர். இரும்பைத் தொடாதே என்றார்கள். அவள் நாள் முழுக்க நிற்பதே இரும்புப் பாதையில். “அர்ச்சுனன் பேரச் சொன்னா இடி அண்டாது” என்று யாரோ சொன்னதையும், பக்கத்து வீட்டுச் சாந்தமேரி சொல்லிக் கொடுத்த மாதா செபத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள்.

சென்ற மார்ச் மாதம் பல வாரங்களாகத் துளி மழையில்லை. பெட்டாலிங்கைத் தாண்டி வேலை நடந்தது. கப்பலில் வந்து சில மாதங்களே ஆன அய்யாவு என்ற இளைஞன் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தவன், திடீரென்று நிறுத்திவிட்டுத் தண்டவாளத்தைப் பார்த்து, “அம்மா, கதவத் தொற” என்றான். யாரோ சிரித்தார்கள். பவுனம்மாள் சிரிக்கவில்லை. மற்ற எல்லாருடைய முதுகும் வேர்வையில் பளபளக்க, அவன் முதுகு மட்டும் காய்ந்து கிடந்ததை அவள் பார்த்துவிட்டாள். அடுத்த கணம் அவன் விழுந்தான்.

தூங்குமூஞ்சி மரத்து நிழலில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. பவுனம்மாள் டின்னைத் தூக்கினாள். ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் ரெங்கசாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சூட்டு ஒடம்புல பச்சத் தண்ணிய ஊத்தாத! ஜன்னி கண்டு செத்துருவான்.”

“டிரஸரு ஊத்தத்தானே சொன்னாரு, மண்டோரய்யா?”

“செத்தா டிரஸரா வந்து பதில் சொல்லுவாரு?”

அவள் டின்னைக் கீழே வைத்தாள். மறுபடி தூக்கினாள். மறுபடி வைத்தாள். ரெங்கசாமி கெட்டவரல்ல. அவர் கண்ணெதிரே அப்படி ஒருவன் செத்திருக்கிறானாம்.

அந்த நேரத்தில் மேற்கே இருட்டிக்கொண்டு வந்து, தலைக்கு மேல் இடி வெடித்தது. ஆட்கள் கடப்பாறையைப் போட்டுவிட்டுச் சாமான் கொட்டகையை நோக்கி ஓடினார்கள். அய்யாவுவைத் தூக்கப் போன இரண்டு பேரும், அடுத்த மின்னல் கண்ணைப் பறித்ததும் அவனை விட்டுவிட்டு ஓடினார்கள். “பவுனு, வா இங்க!” என்று ரெங்கசாமி கொட்டகையிலிருந்து கத்தினார்.

அவள் போகவில்லை. அய்யாவுவின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, மரத்தடியிலிருந்து இழுத்துக்கொண்டு தண்டவாள மேட்டுக்குக் கீழே இருந்த பள்ளத்துப் புல்லுக்குப் போனாள். ஏன் அங்கே என்று பிறகு நான் கேட்டேன்.

“அண்ணாந்து பாத்தேன். மரம் ரொம்ப ஒசரமா இருந்துச்சு. வேற ஒண்ணும் தோணல.”

மழை கொட்டியது. அவன் சட்டையைக் கிழித்துத் திறந்துவிட்டு, தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, குனிந்து ஒடுங்கி உட்கார்ந்தாள். அர்ச்சுனனைக் கூப்பிட்டாள், மாதாவையும் கூப்பிட்டாள், யார் பெயருக்குப் பின் யார் பெயர் என்பது குழம்பி, கடைசியில் “யாராச்சும் வாங்களேன்” என்று அழுதாள். மழை அவன் மார்பில் அருவியாக விழுந்துகொண்டிருந்தது.

“நான் ஊத்தல, கிராணியாரே. வானம்தானே ஊத்துச்சு. அத யாரு கேக்க முடியும்?”

மழை ஓயும் முன்னே அவன் கண்ணைத் திறந்து, “அக்கா, குளுருது” என்றான். தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போகும் டிராலியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டான்.

இடி விழுந்தது மரத்திலும் இல்லை, கொட்டகையிலும் இல்லை. கம்பத்துத் தென்னை ஒன்றின் தலை கருகியிருந்தது. ஆகவே யார் சொன்னது சரி என்பது யாருக்கும் விளங்கவில்லை. தண்ணீர் பட்டதால் பிழைத்தான் என்றார் டிரஸர். இளவயது, அதனால்தான் என்றார் ரெங்கசாமி. சாந்தமேரி மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

“ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நான் செஞ்சது என்னான்னு எனக்கே தெரியல. அடுத்த வாட்டி மழ வரலேன்னா?” என்று பவுனம்மாள் என்னைக் கேட்டாள்.

“தண்ணீரை ஊற்று. யார் தடுத்தாலும் ஊற்று” என்றேன்.

“நெசமாத்தான் சொல்றீங்களா?”

டிரஸர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். ஆனால் அவள் அப்படிக் கேட்டபோது என் குரலில் உறுதி குறைந்துபோயிற்று. அதையும் அவள் கவனித்துவிட்டாள்.

நேற்று ஆபீஸ் வேலையாக டிராலியில் அந்தப் பக்கம் போனேன். அய்யாவு வேலைக்குத் திரும்பியிருந்தான். முன்னைவிட மெலிவு. பிற்பகலில் தொலைவில் இடி உறுமியது. ரெங்கசாமி விசிலை ஊதிக் கொட்டகையைக் காட்டினார். சிலர் நடந்தார்கள். சிலர் நின்று வானத்தைப் பார்த்தார்கள். அய்யாவு வானத்தையும் பார்க்கவில்லை, மண்டோரையும் பார்க்கவில்லை, பவுனம்மாளைப் பார்த்தான்.

அவள் தோள் கம்பைக் கீழே இறக்கினாள். நேரே போய் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பக்கம் போவது என்று அதற்குப் பிறகுதான் சுற்றிலும் பார்க்க ஆரம்பித்தாள்.