பின்னால் நிற்கும் நான்

கஜேந்தினி எப்போதும் பேசுபவரின் தோளுக்குப் பின்னால்தான் நிற்பார். முன்னால் கதிரை போட்டுக் கொடுத்தாலும் இருக்கமாட்டார். "நான் முன்னுக்கு நிண்டா விசாரிக்கிற ஐயா என்னைத்தான் பாப்பார். காணி எனக்கோ?"

கிளிநொச்சிப் பக்கத்துக் காணி விசாரணைகளில் தமிழைச் சிங்களமாக்குவது அவருடைய வேலை. வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. சாட்சி "நான்" என்றால் இவரும் சிங்களத்தில் "மம", அதாவது நான், என்றே சொல்வார். பரந்தன் தேத்தண்ணிக் கடையில் இதை வைத்தே பகிடி.

"அக்கா, இண்டைக்கு ஆரா இருந்தனீங்கள்?"

"காலமை எழுபது வயசுக் கிழவன். மத்தியானம் நாலு பிள்ளைக்குத் தாய். தேத்தண்ணி குடிக்கேக்கதான் கஜேந்தினி."

அக்கராயனில் இருக்கும் ஞானேஸ்வரியின் விசாரணைக்கு, அவருக்கு மனு எழுதிக் கொடுத்த நானும் போயிருந்தேன். மலையகத்திலிருந்து வந்தவர். முப்பது வருடமாகப் பயிர் செய்யும் காணிக்கு அனுமதிப்பத்திரம் இல்லை. முந்திய விசாரணையில் மொழிபெயர்த்தவர் வேறொருவர்: காடு வெட்டினாவாம், கிணறு கிண்டினாவாம். பிறர் சொல்லக் கேட்டதாக்கிவிடும் நம்முடைய "வெட்டினாவாம்" போலச் சிங்களத்திலும் ஒரு "லு" உண்டு. அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஒரு மனுசி முதுகு முறியப் பட்ட பாடு ஊர்க்கதையாகிவிடுகிறது. ஆதாரம் போதாது என்று அனுப்பிவிட்டார்கள். இம்முறையும் தவறினால் காணி வேறு ஆளுக்குப் போய்விடும்.

"நான்தாங்க காடு வெட்டுனேன். கெணறு வெட்டுறப்போ எங்க வீட்டுக்காரரு பாம்பு கடிச்சுப் போயிட்டாரு. அப்பவும் நான் விட்டுட்டுப் போகல," என்றார் ஞானேஸ்வரி.

நான் வெட்டினேன், என் கணவர் இறந்தார், நான் போகவில்லை என்று கஜேந்தினி குரல் நடுங்காமல் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி பழக்கத்தில் அவரைப் பார்த்து, "கிணறு எங்கே என்று கேளுங்கள்," என்றார். கஜேந்தினி ஓரடி பின்வாங்கினார். அதிகாரியின் கண் ஞானேஸ்வரியின் முகத்துக்கு வந்தது.

"நீங்கள் சொல்லுங்கள். கிணறு எங்கே?"

இதை முன்பு ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. "தெக்கு மூலையில, பெரிய பாலை மரம் நின்ன எடத்துக்கு இருவது அடி தள்ளிங்க. அந்த மரத்தோட அடிக்கட்டைய கிண்டி எடுக்கவே மூணு வாரமாச்சு." ஞானேஸ்வரி குடியேறிய பிறகு வரைந்த பழைய வரைபடத்தை அதிகாரி விரித்தார். தெற்கு மூலையில் கிணறு குறித்திருந்தது. சிரித்தபடி அனுமதிப்பத்திரத்துக்கான சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். வென்றுவிட்டோம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடிதத்தை மடித்து, மறுபடியும் பழக்கத்தில், கஜேந்தினியிடம் நீட்டினார் அதிகாரி. கஜேந்தினி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.